கைபேசியும் அண்டை வீட்டாரும்

(பஞ்சாயத்து அங்கத்தினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், தெருவிளக்கு என்று பேசியே பழகிய நான், இன்று மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணுவோரைக் காப்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன். இதுவும் நம் அலுவலே.

2017-ஆம் ஆண்டில் முகநூல் நிறுவனத்தார், இத்தகைய எண்ணத்துடன் எழுதப்படும் பதிவுகளைக் கணிப்பொறி கண்டறிந்து ஊழியருக்கு அறிவிக்கும் ஏற்பாட்டை விரிவுபடுத்தினர். வியக்கத்தக்கதுதான். ஆனால் எழுதுகிறவரை மட்டுமே அப்பொறி அறியும். கடன் தவணை தவறிய நம் விவசாயி எங்கும் எழுதுவதில்லை. திண்ணையில் வாய் திறவாமல் உட்கார்ந்திருக்கிறார். தேநீர்க் கடைக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்; உறக்கமில்லை; குடி மிகுகிறது; பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்படி உறவினரிடம் சொல்லி வைக்கிறார். இவற்றைக் காணும் கண் அண்டை வீட்டாருடையதே.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் வீட்டு மானியம் பற்றிக் கேட்க என் மேசைக்கு மூன்று முறை வந்தார். மூன்றாம் முறை, "இனிமேல் வரமாட்டேன், ஐயா" என்றார். நான் கோப்பிலிருந்து தலை நிமிரவில்லை. மறுவாரம் அவர் மருத்துவமனையில் கிடந்தார். பிழைத்துக்கொண்டார், ஆயினும் அச்சொல் என் காதை விட்டு அகலவில்லை.

"சாகலாமென்ற எண்ணம் வருகிறதா?" என்று நான் அன்று கேட்டிருக்க வேண்டும். கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோமோ என்று பலர் அஞ்சுகின்றனர். அது தவறான அச்சம். பரிவுடன் கேட்டால் பாரம் குறையும்.

கேட்டபின் கைபேசி உதவும். 2022 அக்டோபர் 10-ஆம் நாள் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும், கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம். பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவையானால் மனநல மருத்துவரோடு இணைப்பார். 2024 முதல் செயலியும் உண்டு; எனினும் சாதாரணக் கைபேசியே போதும். எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். நீங்களே அழைத்து அவர் கையில் கொடுங்கள். பேசி முடியும்வரை அருகில் இருங்கள். அன்றிரவு அவரைத் தனியே விடவேண்டாம். உயிருக்கு ஆபத்து நேர்ந்துவிட்டால் உடனே 108.

வீட்டிலுள்ள பூச்சிமருந்தை அகற்றி வேறிடத்தில் பூட்டி வையுங்கள். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில், பொது அறையில் தனித்தனிப் பெட்டிகளில் அதைப் பூட்டி வைக்கும் முறையைச் செய்து பார்த்தார்கள், விவசாயிகளும் ஏற்றுக்கொண்டனர். நம் பஞ்சாயத்துகளால் ஆகாத செலவா அது?

போலீஸ் வழக்கு வருமென்று மறைப்பவர்களும் உண்டு. முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதி, தண்டியாமல் சிகிச்சை தரவேண்டுமென்பது 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கம்.

ரேஷன் கடைச் சுவரிலும் பால் சங்கத்திலும் 14416 என்று பெரிய எழுத்தில் எழுதச் செய்யுங்கள். அடுத்த மாதம் உங்கள் ஊர்களுக்கு வரும்போது முதலில் அந்தச் சுவரைத்தான் பார்ப்பேன்.