மிளகு ஏறிய கப்பல்கள்



யவனர் நம் கரைக்கு வந்தார்கள், பொன் கொடுத்து மிளகு வாங்கிப் போனார்கள் என்று பள்ளியில் படித்தோம். அந்தக் கதையில் கடல் கடந்தவர்கள் அவர்கள்; நம்மவர் கடை விரித்துக் காத்திருந்தவர்கள். இது பாதிக் கதைதான் என்பது நம் எண்ணம்.

எகிப்தின் செங்கடற்கரையில் பெரெனிகே என்றொரு பழந்துறை. 1994 முதல் அங்கே அகழ்ந்து வருகிறார்கள். அங்குள்ள செராப்பிஸ் கோயிலில் புதைந்திருந்த ஓர் இந்தியச் சாடியில் சுமார் 7.5 கிலோ மிளகு அப்படியே கிடந்தது. அதையாவது யவனர் வாங்கிப்போன சரக்கு எனலாம். ஆனால் அதே ஊரில் ஒரு பானையோட்டில் தமிழ் எழுத்தில் 'கொற்றபூமான்' என்று ஒரு பெயர்! சற்று வடக்கே குசேர் அல்-கதீமில் 'கணன்', 'சாதன்' என்ற பெயர்கள். 2007இல் அங்கே படிக்கப்பட்ட இன்னோர் ஓட்டில் 'பானை ஒறி' என்றிருக்கிறது. உறியில் தொங்கவிடும் பானை. பாட்டிமார் அடுக்களையில் புழங்கிய சொல் ஐயா அது! விற்பனைச் சரக்கின் மேல் எவரும் அப்படி எழுதி வைப்பதில்லை. அங்கே தமிழர் சமைத்து, உண்டு, குடியிருந்திருக்கிறார்கள் என்றே கொள்கிறோம்.

பயணம் எளிதன்று. ஜூலையில் எகிப்தை விட்டால் தென்மேற்குக் காற்று முசிறிக்குக் கொண்டுசேர்க்கும். (புனித தோமையார் கி.பி. 52இல் வந்திறங்கியதாக மரபு சொல்லும் முசிறிதான்.) டிசம்பர் கடைசியிலோ ஜனவரி தொடக்கத்திலோ திரும்பிவிட வேண்டும், தவறினால் அடுத்த காற்று வரும்வரை கரையிலேயே கிடக்க வேண்டியதுதான். பெரெனிகேயில் இறங்கிய சரக்கு ஒட்டகத்தின் மேல் 12 நாள் பாலைவனம் கடந்து கோப்தோஸ் சேரும். பிறகு நைல் நதியில் படகேறி அலெக்சாந்திரியா. அங்கே காலில் ஒரு பங்கு, அதாவது 25 சதவீதம், சுங்கம்!

இதற்கெல்லாம் கடன் வாங்கினார்கள். 2ஆம் நூற்றாண்டில் எழுதிய அத்தகைய கடன் பத்திரம் ஒன்று இன்றும் வியன்னாவில் இருக்கிறது. குறித்த நாளில் பணம் வராவிட்டால் கடன் கொடுத்தவர் சரக்கை எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் நிபந்தனை. மறுபக்கத்தில் ஹெர்மபொல்லோன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு: யானைத் தந்தமும் கங்கைப்புறத்துச் சடாமாஞ்சியும். மொத்த மதிப்பு ஏறத்தாழ 70 லட்சம் செஸ்டர்ஸ் என அறிஞர்கள் கணித்திருக்கிறார்கள். ஒரே கப்பலில் அவ்வளவு பணம்! அது கவிழ்ந்திருந்தால் எத்தனை குடும்பங்கள் தெருவுக்கு வந்திருக்கும்?