ஈரலின் பாரத்தைச் சுமக்கும் தசை

வேறெதற்கோ வயிற்றை ஸ்கேன் எடுக்கப் போனவர், 'ஈரலில் கொழுப்புப் படிந்திருக்கிறது' என்ற ஒரு வரியோடு வீடு திரும்புவது இக்காலத்தில் வெகு சாதாரணமாகிவிட்டது. அப்படித் திரும்பிய என் நண்பர் ஒருவர், அன்று முதல் எண்ணெயை விட்டு, முட்டையையும் மீனையும் விட்டு, பருப்பு கனமென்று அதையும் விட்டு, இரு வேளையும் கஞ்சியும் ஊறுகாயுமாக நான்கு மாதம் கழித்தார். எடை எட்டுக் கிலோ குறைந்தது, கண்டவரெல்லாம் மெச்சினார்கள். ஆனால் கைப்பிடியைப் பற்றாமல் மாடிப்படி ஏற அவரால் இயலவில்லை. அந்த எட்டுக் கிலோவில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று கேட்பார் ஒருவருமில்லை.

சுமார் ஒன்றரைக் கிலோ எடையுள்ள கல்லீரலில் கொழுப்பு நூற்றுக்கு ஐந்து பங்கை எட்டினால் அதை வியாதியென்று கணிக்கிறார்கள். மதுவைத் தொட்டறியாதவர்களின் ஈரலிலும் குடிகாரரின் ஈரலில் காணும் அதே சேதம் உண்டாவதை, 1980-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் லுட்விக்கும் அவருடைய சகாக்களும் விவரித்து, அதற்கொரு பெயரும் சூட்டினார்கள். கொழுப்பைத் தின்றதனால்தான் ஈரலில் கொழுப்புச் சேருகிறது என்று எண்ணுவது இயல்பே; ஆயினும் விஷயம் அவ்வளவு நேரானதன்று. உண்ட சோறு சர்க்கரையாகி இரத்தத்தில் கலந்தபின், இன்சுலினின் ஏவலுக்கிணங்கி அதில் பெரும்பகுதியை வாங்கிச் சேமிக்க வேண்டியவை தொடையிலும் முதுகிலும் தோளிலும் உள்ள தசைகள்; அவை உழைப்பின்றி மெலிந்தோ, இன்சுலினுக்குச் செவிசாய்க்காமலோ போய்விட்டால், வாங்குவாரற்ற சர்க்கரை ஈரலின் வாசலில் வந்து நிற்க, ஈரல் அதைக் கொழுப்பாக மாற்றித் தன்னகத்தே அடுக்கிக்கொள்கிறது. குதிர் சிறுத்த வீட்டில் நெல் கூடத்தில் குவிவதைப் போன்றது இது.

ஒல்லியான தேகத்தினருக்கு இந்தக் கவலை வேண்டாமென்று சொல்லக்கூடுமோ? 2004-ஆம் ஆண்டில் லான்செட் என்னும் வைத்தியப் பத்திரிகையில் ஒரு புகைப்படம் வெளியாயிற்று. புணே நகரத்து டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் நகரத்து டாக்டர் யூட்கினும் அதில் காட்சியளிக்கிறார்கள். உயரத்தோடு எடையை ஒப்பிடும் குறியீடு இருவருக்கும் 22.3. தேகத்தின் கொழுப்பை அளந்தபோதோ, யூட்கினுக்கு நூற்றுக்கு 9.1, யாஜ்னிக்குக்கு 21.2. தராசு ஒன்றையே நம்பியிருந்தால் இந்த வித்தியாசம் என்றைக்கும் வெளிப்பட்டிராது. மெலிந்த தோற்றத்துக்குள்ளே தசை குறைந்து கொழுப்பு மிகுந்திருப்பது நம் தேசத்தவரிடம் பரவலாகக் காணும் சரீர அமைப்பு. ஆகையால், பட்டினியால் தசையை மேலும் கரைத்துக்கொள்ள நமக்கு இடமே இல்லையென்பது என் உறுதியான அபிப்பிராயம்.

பருமனானவர் எடையைக் குறைக்கத்தான் வேண்டும். நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே ஈரலின் கொழுப்பு இறங்கத் தொடங்குகிறது. ஏழு முதல் பத்துப் பங்கு குறைந்தால் பலருக்கு அழற்சியும் தணிகிறது. குறைக்க வேண்டியவை சர்க்கரையும், இனிப்புப் பானங்களும், மிதமிஞ்சிய சோறுமேயன்றி, புரதமன்று. வயது வந்தவருக்கு எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் நாள்தோறும் வேண்டுமென்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு; அறுபது கிலோ உள்ளவருக்கு ஏறக்குறைய ஐம்பது கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராமும், ஒரு தம்ளர் பாலில் ஏறத்தாழ அதே அளவும், நூறு கிராம் மீனில் சுமார் இருபது கிராமும் கிடைக்கும். மரக்கறி உண்போருக்குப் பருப்பும் பயறும் தயிரும் உண்டு. ஆனால் சாம்பாரின் தெளிவை மட்டும் ஊற்றிக்கொண்டால் பருப்பு பாத்திரத்தின் அடியிலேயே நின்றுவிடும். நவராத்திரி ஒன்பது நாளும் நைவேத்தியமாகும் சுண்டலை மற்ற நாட்களில் நாம் ஏன் மறக்க வேண்டும்? எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிஞ்சிய சோற்றை ரசத்தோடு கரைத்துக் குடித்து எழுந்துவிடும் நம் தாய்மாரை நினைத்தே இதை மிகவும் அழுத்திச் சொல்கிறேன்.

ஆகாரம் மாத்திரம் தசையை விருத்தி செய்யாது. அதற்கு வேலையும் கொடுக்க வேண்டும். எடை குறையாவிட்டாலும் தேகப்பயிற்சியினால் ஈரலின் கொழுப்புக் குறைகிறது. நடப்பதோடு, பாரம் தூக்குவதையும், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதையும் பழகுங்கள். முதியவர் ஒருவருக்கு ஐந்து முறை அப்படி எழுந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆகுமானால், தசை க்ஷீணத்தைச் சந்தேகித்துப் பரிசோதிக்க வேண்டுமென்று ஆசிய நிபுணர் குழு 2019-இல் வரையறுத்திருக்கிறது.

சிரோசிஸ் என்னும் நிலைக்கு முற்றி, ஈரல் தழும்பேறி இறுகிப்போனவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அம்மோனியா பெருகி மூளையைக் கலக்கிவிடும் என்ற பயத்தால், இவர்களுக்குப் புரதத்தை அறவே மறுத்து வந்த காலம் ஒன்று இருந்தது. அந்த அம்மோனியாவில் ஒரு பங்கை அகற்றுவதும் தசையே என்று தெளிந்தபின், கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை கொடுக்கச் சொல்கிறார்கள். ஓர் இரவு உண்ணாதிருப்பது, ஆரோக்கியமானவர் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடப்பதற்கு ஒப்பாக இவர்களுடைய தேகத்தைத் தாக்குகிறது. விடிவதற்குள் தசை கரைந்து எரிபொருளாகிறது. உங்கள் வீட்டில் அப்படிப்பட்டவர் இருந்தால், வைத்தியரிடம் அளவைக் கேட்டுக்கொண்டு, அவர் படுக்கப் போகுமுன் ஒரு தம்ளர் பாலும் ஏதேனும் சிற்றுண்டியும் இன்றிரவே கொடுக்கத் தொடங்குங்கள்.