எல்லைக்கோட்டருகே நிற்பவர்

(சங்கத்தின் வாலிபர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



உயர்தரப் பரீட்சைக்கு உயிரியற் பிரிவை எடுத்து, விளையாட்டிலும் ஊக்கமுள்ள ஒரு பிள்ளைக்கு மருத்துவ பீடம் கிடைக்காமற் போனால் வேறென்ன வழியுண்டு என்று பெற்றோர் கேட்பது நம் எல்லோருக்கும் பழகிய கேள்வி. அந்தக் கேள்விக்குரிய விடைகளுள் நம்மவர் அதிகம் கேள்விப்படாத ஒன்றைப் பற்றி இன்று பேசலாமென எண்ணினோம். அது அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே தோன்றி வளர்ந்த உத்தியோகம். அதற்கு அங்கே 'அத்லெற்றிக் ரெயினிங்' என்று பெயர். அதைச் செய்பவர் 'அத்லெற்றிக் ரெயினர்'.

பெயரிலேயே குழப்பம் தொடங்கிவிடுகிறது. 'ரெயினர்' என்றவுடன், பந்தை இப்படி உதை, மட்டையை இப்படிப் பிடி என்று சொல்லிக்கொடுக்கும் பயிற்றுநரோ, உடற்பயிற்சிக்கூடத்தில் பாரந்தூக்கப் பழக்குபவரோ நம் மனக்கண்ணில் வந்து நிற்பார். இவர் அவர்களில் எவருமல்லர். அமெரிக்காவிலேயே பலர் அவ்வாறு எண்ணிக் குழம்புவதால், பெயரை மாற்றலாமா என்று அவர்களுடைய சங்கத்துக்குள் நெடுங்காலமாக வாதம் நடந்து வருகிறது. இவர் சுகாதாரத் துறையைச் சேர்ந்தவர். வைத்தியர் ஒருவரின் வழிகாட்டலின் கீழோ அவரோடு இணைந்தோ பணி செய்பவர். வீரர் காயப்படாமற் காப்பதும், காயப்பட்டால் அது இன்ன காயமென்று கண்டறிவதும், அவசர சிகிச்சை செய்வதும், பின்னர் கையையும் காலையும் பழைய நிலைக்குக் கொண்டுவருவதும், கடைசியாக, திரும்ப விளையாடலாமா கூடாதா என்று சொல்வதும் இவர் பொறுப்பு. வைத்தியர் வைத்தியசாலையில் இருக்கிறார். காயமோ அங்கே நடப்பதில்லை. அது நடக்கும் இடத்தில், மைதானத்தின் எல்லைக்கோட்டருகே, பயிற்சி தொடங்குமுன் வந்து எல்லாரும் போனபின் போகிறவர் இவர்.

இத்தொழிலின் வரலாற்றை விரிக்கப் போவதில்லை. நூறாண்டுக்கு முன்னர் இது நோவெண்ணெய் பூசுபவரின் வேலையாகவே இருந்தது. 1917ஆம் ஆண்டில் பிலிக் என்பவர் இத்துறைக்கென ஒரு நூல் எழுதினார். 1950இல் கான்சாஸ் சிற்றி நகரிலே தேசியச் சங்கம் அமைந்தது. 1969இல் முதன்முதலாக நான்கு பல்கலைக்கழகங்களின் பாடநெறிகளை அச்சங்கம் அங்கீகரித்தது. அடுத்த ஆண்டு தகைமைப் பரீட்சை தொடங்கிற்று. 1990இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இதனை ஒரு சுகாதாரத் தொழிலாக ஏற்றுக்கொண்டது. பின்னர் 2015இல் ஒரு பெரிய முடிவு செய்தார்கள்: இத்தொழிலுக்குள் நுழைய இளமாணிப் பட்டம் போதாது, முதுமாணிப் பட்டமே வேண்டும் என்று. 2022இன் இலையுதிர்காலத் தவணைக்குப் பிறகு அத்தொழிலுக்குரிய இளமாணி வகுப்புக்குப் புதிய மாணவரைச் சேர்ப்பது நின்றுவிட்டது.

கணுக்கால் சுளுக்குக்கு முதுமாணிப் பட்டமா என்று சிலர் சிரிக்கக்கூடும். அந்தச் சிரிப்பில் நியாயமும் இல்லாமலில்லை. அன்றாட வேலையிற் பெரும்பகுதி கணுக்காலும் முழங்காலுந்தான். போட்டிக்கு முன் வரிசையாக உட்கார்ந்திருக்கும் வீரர்களுக்கு ஒவ்வொருவராகப் பட்டி சுற்றுவதிலே நேரம் போய்விடும். ஆனால் எந்நாளும் வராததும், வந்தால் சில நிமிடங்களுக்குள் முடிவு செய்ய வேண்டியதுமான சில காரியங்கள் உண்டு. பட்டம் அவற்றுக்காகவே வேண்டியிருக்கிறது என்பது நமது கருத்து.

வெப்பத்தை எடுத்துக்கொள்வோம். வெயிலிலே கடுமையாக ஓடும் ஒருவனுடைய உடலின் உள்வெப்பம் 40 பாகை செல்சியசுக்கு மேலே போய், அவன் தடுமாறி, சம்பந்தமில்லாமற் பேசி, விழுந்துவிடுகிறான். இதனை உழைப்பினால் வரும் வெப்பத் தாக்கு என்பார்கள். நெற்றியிலோ வாயிலோ வைத்துப் பார்க்கும் வெப்பமானி இங்கே உண்மை சொல்லாது. மலவாயில் வைத்துத்தான் அளக்க வேண்டும். அளந்தவுடன் செய்ய வேண்டியது அவனை வாகனத்தில் ஏற்றுவதன்று. ஐஸ் போட்ட தண்ணீர்த் தொட்டிக்குள் கழுத்துவரை இறக்கி, தலையைத் தாங்கிக்கொண்டு, தண்ணீரைக் கலக்கியபடி, வெப்பம் 39 பாகையளவுக்கு வருமட்டும் அங்கேயே வைத்திருப்பது. பிறகுதான் பயணம். முதலிற் குளிர்விப்பது, அடுத்து அனுப்புவது என்பது அவர்கள் படிக்கும் பாடம். ஏனெனில் உள்ளுறுப்புக்கள் அந்த வெப்பத்தைப் பொறுத்திருப்பது ஏறத்தாழ அரைமணி நேரமே.

இதன் பயனை மாசச்சூசெற்ஸ் மாநிலத்தின் பல்மத் என்னும் கடலோர ஊரில் பார்க்கலாம். அங்கே ஒவ்வோராண்டும் ஆகஸ்ட் மாதத்தில் ஏழு மைல் ஓட்டப்போட்டி நடைபெறும். பதினெட்டுப் போட்டிகளின் கணக்கை ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். வெப்பத் தாக்கினால் விழுந்தவர்கள் 274 பேர். ஓட்டம் முடியுமிடத்தில் தொட்டிகள் நிரப்பப்பட்டு ஆயத்தமாக நின்றன. ஒருவராவது இறக்கவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2018ஆம் ஆண்டு மே மாதம் 29ஆந் திகதி, மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்க உதைபந்தாட்ட அணியைச் சேர்ந்த ஜோர்டன் மக்னெயர் என்னும் 19 வயது மாணவர் பயிற்சி ஓட்டத்தின்போது வெப்பத் தாக்குற்றார். அவ்விடத்தில் தகைமை பெற்றோர் இருந்தார்கள். ஆயினும் வெப்பம் அளக்கப்படவில்லை. குளிர்நீர்த் தொட்டியில் இறக்கப்படவுமில்லை. அறிகுறி தோன்றி ஒரு மணி நேரத்துக்கும் மேலான பின்னரே அவர் வைத்தியசாலைக்குப் புறப்பட்டார். ஜூன் 13இல் இறந்தார். பின்னர் பல்கலைக்கழகத் தலைவர் பொறுப்பை ஏற்றுக்கொண்டு பகிரங்கமாகக் கூறினார். நண்பர்களே, பட்டமிருந்தும் இது நடந்தது என்பதை மறைத்துப் பேசுவது நமக்குச் சம்மதமில்லை. இவ்வுத்தியோகத்திற் சேர விரும்பும் ஒவ்வொருவரும் பல்மத்தையும் மேரிலாந்தையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் படிக்க வேண்டும்.

இன்னொரு நிகழ்ச்சி உங்களிற் பலர் தொலைக்காட்சியிற் பார்த்ததாயிருக்கும். 2023ஆம் ஆண்டு ஜனவரி 2ஆந் திகதி இரவு, சின்சினாற்றி நகரில், பபலோ அணியின் டாமார் ஹம்லின் நெஞ்சில் அடிபட்டு, எழுந்து நின்று, மறுபடி சாய்ந்தார். இதயம் நின்றுவிட்டது. அணியின் உதவி அத்லெற்றிக் ரெயினர் டெனி கெலிங்டன் ஓடிச்சென்று நெஞ்சை அழுத்தத் தொடங்கினார். மின்னதிர்ச்சிக் கருவியும் வந்தது. அந்த வீரர் அதே ஆண்டில் மீண்டும் விளையாடினார். இங்கே நாம் கவனிக்க வேண்டியது, அப்போட்டிகளில் ஆட்டம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னரே இரு அணிகளின் வைத்தியரும் ரெயினர்களும் கூடி, வண்டி எங்கே நிற்கிறது, எந்த வைத்தியசாலை, யார் தலைப்பக்கம் நிற்பது என்று பேசி முடித்துவிடுகிறார்கள் என்பதே. இப்படிப் பேசிய அநேக இரவுகளில் ஒன்றும் நடப்பதில்லை. அடுத்த ஆட்டத்துக்கும் பேசுகிறார்கள்.

இவற்றையெல்லாம் விடக் கடினமான காரியம் ஒன்றுண்டு. அது 'இவர் விளையாடக்கூடாது' என்று சொல்வது. இறுதியாட்டம், பத்து நிமிடம் இருக்கிறது, சிறந்த வீரன் தலையில் அடிபட்டு எழுந்து, எனக்கொன்றுமில்லை என்கிறான். பயிற்றுநர் முறைத்துப் பார்க்கிறார், ஊரார் கூச்சலிடுகிறார்கள், தகப்பனாரே வந்து, விடுங்கள் தம்பி என்கிறார். 2006ஆம் ஆண்டில் வாஷிங்டன் மாநிலத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் அவ்வாறே திரும்ப ஆடப்போய், மூளையில் இரத்தம் கசிந்து, உயிர் தப்பினாலும் நடக்கவும் பேசவும் மறுபடி கற்க வேண்டியவனானான். அதன் விளைவாக 2009இல் அம்மாநிலம் ஒரு சட்டம் செய்தது: தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி ஏற்பட்டதென ஐயமிருந்தால் பிள்ளை உடனே வெளியேற வேண்டும், தகைமை பெற்ற சுகாதாரத் தொழிலாளர் எழுத்தில் அனுமதித்த பின்பே திரும்பலாம். சில ஆண்டுகளுக்குள் ஐம்பது மாநிலங்களும் இவ்விதமான சட்டங்களைச் செய்துவிட்டன.

சட்டம் இருக்கலாம். ஆனால் சம்பளம் கொடுப்பது யார்? ரெயினரை நியமிப்பதும் நீக்குவதும் அணியின் பயிற்றுநர் கையிலிருந்தால், அவருடைய 'கூடாது' எவ்வளவு தூரம் நிற்கும்? இந்தக் கேள்வி அங்கே பெரிதாக எழுந்ததனாலேதான், வீரரின் உடல்நலம் பற்றிய முடிவில் பயிற்றுநர் தலையிடலாகாது என்று கல்லூரி விளையாட்டுச் சங்கம் விதி செய்திருக்கிறது. வேலைக்கு விண்ணப்பிக்கும் நமது பிள்ளை சம்பளத்தைக் கேட்குமுன், 'நான் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும், வைத்தியருக்கா, பயிற்றுநருக்கா?' என்று கேட்டுக்கொள்வது நன்று.

இனிப் படிப்பு விஷயம். ஏதாவதொரு துறையில் இளமாணிப் பட்டம் இருக்க வேண்டும். உயிரியல், இரசாயனம், பௌதிகம், உளவியல், உடலமைப்பியல், உடற்றொழிலியல் ஆகியவற்றைப் பல்கலைக்கழக மட்டத்திற் கற்றிருக்க வேண்டும். முதுமாணி வகுப்புப் பெரும்பாலும் இரண்டாண்டு. வகுப்பறையோடு முடிவதில்லை, தகைமை பெற்றவரின் மேற்பார்வையிலே மைதானத்திலும் சிகிச்சைக்கூடத்திலும் பணி பழக வேண்டும், அதில் குறைந்தது நான்கு வாரம் இடைவிடாத முழுநேரப் பணி. பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்தப் பாடநெறிக்கு அங்கீகாரம் உண்டா என்பதே கேள்வி. அங்கீகாரமில்லாத வகுப்பில் தேறியவர் தகைமைப் பரீட்சைக்கு அமர முடியாது. இங்கே பிசியோதெரபி படித்தவர்களும் அதைக்கொண்டு நேரே அப்பரீட்சை எழுத இயலாது. பரீட்சையில் தேறியபின் மாநில உரிமம் என்று வேறொன்றிருக்கிறது. அதன்பின்னும் ஈராண்டுக்கொருமுறை 50 அலகு தொடர்கல்வி செய்து தகைமையைப் புதுப்பிக்க வேண்டும். கனடாவோடும் அயர்லாந்தோடும் அவர்களுக்கு ஓர் உடன்பாடு உண்டு. தகைமையுள்ளவர் அந்நாட்டுப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கலாம். கனடாவிலே இனத்தவர் உள்ள குடும்பங்களுக்கு இது பயன்படக்கூடிய செய்தி.

பணத்தைப் பற்றிப் பேசாமல் போனால் இங்குள்ள தாய்தந்தையர் நம்மை மன்னியார். 2024ஆம் ஆண்டு அந்நாட்டரசின் கணக்குப்படி இவ்வுத்தியோகத்தரின் நடுத்தர ஆண்டுச் சம்பளம் ஏறத்தாழ 60,000 டொலர். பிசியோதெரபி செய்பவருக்கோ ஏறத்தாழ ஓர் இலட்சம். முதுமாணிப் படிப்புக்காகும் கடனோ சிறிதன்று. மாலைப் பொழுதும் சனி ஞாயிறும் வீட்டில் இருக்க முடியாது. விளையாட்டு நடப்பதே அப்பொழுதுதானே. சலித்துப்போய் வேறு தொழிலுக்கு மாறுபவர்களும் உண்டு. காணி ஈடுவைத்துப் பிள்ளையை அனுப்ப நினைப்பவர் இந்த இரண்டு சம்பளத்தையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு, அங்கே தங்கி வேலை செய்வதற்கான குடிவரவு விதிகளையும் விசாரித்துவிட்டு முடிவு செய்யட்டும். பல்கலைக்கழகத்தில் துணைப்பணி செய்து கட்டணத்தில் சலுகை பெறும் இடங்களும் உள்ளன. அவற்றைத் தேடி எழுதுவது மாணவரின் வேலை.

நாடு திரும்புவோருக்கு இங்கே இந்தப் பெயரில் ஒரு தனித்தொழில் வேரூன்றியிருக்கவில்லை. ஆதலால், இங்கேயே இருந்து இத்துறைக்கு அண்டிய வேலை செய்ய விரும்புவோர் கொழும்பு, பேராதனைப் பல்கலைக்கழகங்களின் பிசியோதெரபிப் பட்டத்தையோ, சப்பிரகமுவாவின் விளையாட்டு விஞ்ஞானப் பட்டத்தையோ முதலிற் பார்க்கலாம். வெளிநாட்டு முதுமாணிப் படிப்பு அதற்குமேல் வரட்டும்.

பட்டம் வருமட்டும் காத்திராத காரியம் ஒன்றும் இருக்கிறது. 2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓட்டத்தில் ஓடிய 16 வயது மாணவன் ஒருவன் உயிரிழந்த செய்தியை நாமெல்லோரும் வாசித்தோம். அதன் காரணம் இதுவென்று கூற நாம் வரவில்லை. ஆனால் நமது இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் ஆண்டின் முற்பகுதியில் வெயிலேறும் மாதங்களிலேயே நடக்கின்றன. மைதானத்திற் கூடாரமுண்டு, ஒலிபெருக்கியுண்டு, பிரதம விருந்தினருக்கு மாலையுண்டு. குளிர்நீர்த் தொட்டி எங்கே?

தொட்டிக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஒரு தறப்பாளை நான்கைந்து பேர் ஓரங்களிற் பிடித்துத் தூக்கினால் அதுவே தொட்டி. மீன் சந்தைக்கு வரும் ஐஸில் இரண்டு பெட்டியும் ஒரு பீப்பாய்த் தண்ணீரும் போதும். விழுந்தவனை அதில் கிடத்தி, தலையை உயர்த்திப் பிடித்துக் குளிர்விக்கத் தொடங்குகையிலே ஒருவர் 1990 அவசர வண்டிக்கு அழைக்க வேண்டும். எவர் தறப்பாள் பிடிப்பது, எவர் அழைப்பது, வண்டி எந்த வாசலால் வருவது என்பதைப் போட்டிக்கு முதல்நாளே பேசிவைக்க வேண்டும். நமது சங்கத்து வாலிபர் பன்னிரண்டு பேர் முன்வந்தால் இவ்வட்டாரப் பாடசாலைகளுக்கு முறைவைத்துப் போய் நிற்கலாம். முதலுதவி வகுப்புக்கு ஒழுங்கு செய்யக் காரியதரிசி அவர்கள் இசைந்துள்ளார்கள். பெயர் கொடுப்போர் கூட்டம் முடிந்ததும் அவரைக் காணலாம்.