எப்பொறியிலும் இயங்கும் இயக்கமுறை: நம் இளைஞர் ஏற்க வேண்டிய பணி

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் கக்கன் உள்ளிட்ட நம்மவர்கள் வைத்தியநாத ஐயருடன் மீனாட்சியம்மன் ஆலயத்துள் நுழைந்ததை மதுரை மறவாது. 1945இல் டாக்டர் அம்பேத்கர் மக்கள் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்தார். அடைத்த கதவுகளைத் திறந்த வரலாறு நம்முடையது. இன்று நம் முன் நிற்பது கணிப்பொறியின் கதவு. அதைப் பயன்படுத்த மட்டும் அறிந்தவர் வாயிலில் நிற்பவரே. ஆக்க அறிந்தவரே உள்ளே சென்றவர்.

கணிப்பொறியின் உறுப்புகளை ஆண்டு நடத்துவது இயக்கமுறை. அவற்றுள் ஒன்றாகிய லினக்ஸின் கருப்பகுதியை 1991இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கினார். அது இன்டெல் 386 செயலிக்கென்றே எழுதப்பட்டது. ஆயினும் 1995க்குள் ஆல்பா என்னும் வேறொரு செயலியிலும் இயங்கலாயிற்று. எவ்வாறு? அதன் பெரும்பகுதி சி மொழியில் உள்ளது. செயலிக்குச் செயலி வேறுபடும் சிறுபகுதி மட்டும் தனியே பிரித்து வைக்கப்பட்டுள்ளது. புதிய செயலி வந்தால் அச்சிறுபகுதியை எழுதினால் போதும். ஏனையவற்றைக் கம்பைலர் அச்செயலியின் மொழிக்கு மாற்றித் தரும்.

நம் உழவர் இதனை எளிதில் உணர்வர். நாற்றங்கால் ஓரிடம், நடவு வேறிடம். அதுபோல் ஒரு பொறியில் அமர்ந்து மற்றொரு பொறிக்கான நிரலை ஆக்கலாம். இதற்குக் குறுக்குக் கம்பைலர் வேண்டும்.

இது தொலைதேசத்துச் செய்தியன்று. சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு 2007இல் பாஸ் லினக்ஸை வெளியிட்டது. 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அது மாணவர் கைகளுக்கும் வந்தது. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய சக்தி செயலியில் 2018இல் லினக்ஸ் இயங்கியது. சக்தி, ரிஸ்க்-ஃபைவ் என்னும் கட்டளைத் தொகுதியைப் பின்பற்றுவது; அத்தொகுதியை எவரும் உரிமக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். மூலநிரலைப் படிக்க, திருத்த, பிறர்க்கு வழங்க லினக்ஸின் உரிமம் இடந்தருகிறது. குலமும் கோத்திரமும் கேளாத அறிவு இது. ஆயினும் அதன் விளக்க நூல்களுட் பெரும்பாலன ஆங்கிலத்திலேயே உள்ளன. நம் பிள்ளைகளுக்கு அச்சுவர் இன்னும் நிற்கிறது.

பணியின் படிகளைச் சுருக்கமாகக் கூறுவோம். முதலில் குறுக்குக் கம்பைலரை அமைத்தல். இரண்டாவது, கருப்பகுதியில் தேவையானவற்றை மட்டும் தெரிந்து ஆக்குதல். மூன்றாவது, பிசிபாக்ஸ் போன்ற சிறுகருவிகளால் கோப்பு அமைப்பை நிரப்புதல். நான்காவது, தொடக்க ஏற்றியை இணைத்தல். ஆர்ம் பலகைகளாயின் அப்பலகையின் உறுப்புகளை விவரிக்கும் பட்டியலும் பொதுவாக வேண்டும். பில்ட்ரூட் என்னும் கருவி இவற்றை ஒருங்கே நடத்தும். செயலியின் பெயரை மாற்றினால் மட்டும் எல்லாம் இயங்கிவிடாது. ஆதலின் எழுதும் நிரலில் எண்களின் அளவையும் பைட்டுகளின் வரிசையையும் ஊகித்துக் கொள்ளலாகாது. ஒரு செயலிக்கென ஆக்கப்பட்ட ஆயத்த நிரல்களையும் நம்பியிருத்தல் கூடாது.

விலையுயர்ந்த பொறிகள் இல்லையே என்று தளர வேண்டா. கியூஎமு என்னும் மென்பொருள் பிற செயலிகளைப் போலவே நடித்துக் காட்டும். வீட்டிலுள்ள பழைய மடிக்கணினி ஒன்றிலேயே ஆர்மையும் ரிஸ்க்-ஃபைவையும் சோதிக்கலாம். பொறுமை மட்டும் வேண்டும்.

ஒரு செயலியை மட்டும் அறிந்தவனின் தொழில், அச்செயலி வழக்கொழியும்பொழுது தடுமாறும். அடிப்படை அறிந்தவனோ எப்பொறி வரினும் நிலைப்பான். ஏவியதைச் செய்யும் கூலிகளாகவே நம் தலைமுறைகள் வைக்கப்பட்டிருந்தன. கணிப்பொறித் துறையிலும் அந்நிலை தொடரலாமா?

எனவே இவ்விழாவின் நினைவாக ஒன்று வேண்டுகின்றோம். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரங்களின் இளைஞர்களும் நகர்வாழ் இளைஞர்களும் சிறு குழுக்களாகக் கூடுக. பெண்மக்கள் சரிபாதி இடம் பெறுக. ஓராண்டுக்குள் ஒரு சிறிய இயக்கமுறையை இன்டெல், ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் மூன்றிலும் இயக்கிக் காட்டுக. செய்ததைத் தமிழில் எழுதி வைத்து, பின்வரும் தம்பி தங்கையர்க்கு வழங்குக. அக்குறிப்பேடே நம் கழகத்திற்கு நீங்கள் அளிக்கும் வெள்ளி விழாப் பரிசாகும்.