பொமசென்ட்ரிடே வகைப்பாட்டில் முட்டையின் சாட்சியம்



பேராசிரியர் ஆர். வி. சேஷையா பரங்கிப்பேட்டையில் வளர்த்தெடுத்த கடல் உயிரியல் மரபில் வந்தவர்கள் பலர் இந்தச் சிதம்பரம் அவையில் அமர்ந்திருக்கிறீர்கள். உங்கள் முன் தலைமை உரை ஆற்றுவதைப் பெரும் பேறாகக் கருதுகிறேன். மனத்தில் சற்றுக் கலக்கமும் இருக்கிறது. வாய்ப்பளித்த அமைப்புக் குழுவினருக்கு என் நன்றி.

மாநாட்டுப் பொருள் டாம்சல் மீன்களின் குடும்பமான பொமசென்ட்ரிடே. அதன் அடிப்படைகளை இந்த அவைக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. 400-க்கும் மேற்பட்ட இனங்கள். பெரும்பாலானவை வெப்பக் கடல்களின் பவளப்பாறைகளை ஒட்டி வாழும் சிறு மீன்கள். நாம் மாணவப் பருவத்தில் படித்த துணைக்குடும்பப் பிரிவுகள் மாறிவிட்டன. கோமாளி மீன்களுக்கென இருந்த தனித் துணைக்குடும்பம் இன்று பொமசென்ட்ரினேக்குள் அடங்கிவிட்டது. டாங் குழுவினரின் 2021-ஆம் ஆண்டுக் கட்டுரை அதை உறுதிப்படுத்தியது. இவற்றையெல்லாம் அமர்வுகளில் நண்பர்கள் விரிவாகப் பேசுவார்கள். நான் ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: இந்தக் குடும்பத்தின் உறவினர்கள் யார்? அந்த உறவை எதைக் கொண்டு முடிவு செய்வது?

1982-இல் காஃப்மனும் லியெமும் தொண்டைத் தாடையை வைத்து விடை சொன்னார்கள். டாம்சல் மீன்கள், சிக்லிட் மீன்கள், ராஸ் மீன்கள், வடபசிபிக்கின் எம்பியோட்டோசிட் மீன்கள் ஆகிய நான்குக்கும் கீழ்த் தொண்டைத் தாடை எலும்புகள் ஒன்றாக இணைந்திருப்பதால் இவை ஒரே கிளை என்றார்கள். பாடநூல்கள் முப்பது ஆண்டுகள் அதையே சொல்லின. 2012-இல் வெயின்ரைட் குழுவினர் மரபணுக்களை வைத்து ஆராய்ந்தபோது, அந்தத் தாடை ஒன்றுக்கு மேற்பட்ட முறை தனித்தனியே தோன்றியது என்று தெரிந்தது. ராஸ் மீன்கள் விலகிப்போயின. டாம்சல் மீன்களும் சிக்லிட்களும் பறவைக் கோலாவோடும் மடவையோடும் பிளெனி மீன்களோடும் ஓவலென்டாரியா என்ற ஒரே பெருங்கிளையில் வந்து சேர்ந்தன. அந்தக் கிளையின் பொதுப் பண்பாக அவர்கள் முன்வைத்தது முட்டையை. நூலிழைகளால் ஏதேனும் ஒரு பொருளில் ஒட்டிக்கொள்ளும் முட்டை அது.

இந்தச் செய்தி உலகுக்குப் புதிதாக இருக்கலாம். சோழமண்டலக் கரைக்குப் புதிதல்ல. ஜேம்ஸ் ஹார்னெல் 1923-இல் சென்னை மீன்வளத் துறை வெளியீட்டில் இக்கரையின் கோலா மீன்பிடிப்பையும் கோலாவின் முட்டையிடுதலையும் பற்றி எழுதினார். நம் மீனவர்கள் தழைக்கட்டுகளைக் கடலில் மிதக்கவிடுவார்கள். கோலா கூட்டமாக வந்து அவற்றில் முட்டையிடும். முட்டையின் இழைகள் தழையில் சுற்றிப் பின்னிக்கொள்ளும். மீன் எதில் முட்டையிடும் என்ற அறிவின் மேலேயே ஒரு தொழில் முழுவதும் நின்றது. நம் வகைப்பாட்டுக் கட்டுரைகளில் ஹார்னெலின் இந்த எழுத்தை மேற்கோள் காட்டுவோர் அரிது. மீன்பிடிப்பு வரலாறு என்று அதை ஒதுக்கி வைத்துவிட்டோம்.

ஏன் ஒதுக்கினோம்? பிளாக் 1787-இல் பெர்லினில் இருந்தபடி வங்கத்து டாம்சல் மீனுக்குப் பெயரிட்ட நாள் முதல், பிரான்சிஸ் டே 1875 முதல் 1878 வரை இந்திய மீன்களை நூலாக்கிய காலம் வரை, வகைப்பாடு என்பது சாராயப் புட்டியில் கிடந்த வளர்ந்த மீனைப் பற்றியதாகவே இருந்தது. முள், செதில், பக்கக் கோடு ஆகியவற்றை எண்ணினார்கள். புட்டிக்குள் வராத பண்பு கணக்கிலும் வரவில்லை. அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது.

பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றுக் கழிமுக நீரைக் கொண்டே கோமாளி மீனை இனப்பெருக்கம் செய்து காட்டியிருக்கிறார்கள். அங்கே தொட்டியில் ஓட்டின் மேல் ஒட்டியிருக்கும் முட்டைகளைப் பாருங்கள். குப்பி வடிவம், இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம், ஒரு முனை மட்டும் ஓட்டைப் பற்றியிருக்கும். முதலில் ஆரஞ்சு நிறம், பிறகு கருமை, பொரிப்பதற்கு முன் வெள்ளிபோல் மின்னும் கண்கள். ஆண் மீன் துடுப்பால் விசிறிக்கொண்டே காவல் நிற்கும். அதே வெள்ளாற்றில் வாழும் செத்தக்கெண்டை ஒரு சிக்லிட். அதுவும் நீரில் மூழ்கிய பொருள்களில் காம்புள்ள முட்டைகளை ஒட்டவைத்துக் காக்கிறது. உலகம் 2012-இல் ஏற்றுக்கொண்ட உறவின் சான்றுகள் நம் ஆற்றிலும் தொட்டியிலும் கண்ணெதிரே இருந்தன.

“முட்டை மீன் வளர்ப்புத் துறையின் சரக்கு, வகைப்பாட்டுக்கு உதவாது” என்று மூத்த பேராசிரியர் ஒருவர் ஒருமுறை என் கட்டுரையை மறுத்தார். அவர் புலமையின் மேல் எனக்கு மாறாத மதிப்பு உண்டு. அவர் காட்டிய காரணங்கள் இரண்டு: மடவையின் முட்டை மிதக்கிறது; உளுவையின் முட்டை ஒட்டுகிறது, ஆனால் அது வேறு கிளை. இரண்டும் உண்மையே. ஆனால் ஒரு பண்பு ஒரு கிளையில் மறைவதும் இன்னொரு கிளையில் தனியே தோன்றுவதும் முட்டைக்கு மட்டும் நேர்வதல்ல. தொண்டைத் தாடைக்கும் அதுவே நேர்ந்தது. அதற்காகத் தாடையை யாரும் ஆய்விலிருந்து தள்ளிவிடவில்லை; மரபணுவோடு ஒப்பிட்டு எடைபோட்டார்கள். தாடைக்குக் கொடுத்த மரியாதையை முட்டைக்கும் கொடுக்க வேண்டும் என்பதே என் வாதம்.

இதை வாதமாக மட்டும் விட்டுவிட எனக்கு மனமில்லை. மாநாடு முடிவதற்குள் ஒரு தீர்மானம் நிறைவேற்றும்படி அவையைக் கேட்டுக்கொள்கிறேன். கடலூர் முதல் மன்னார் வளைகுடா வரை நாம் சேகரித்துப் பதிவு செய்யும் ஒவ்வொரு டாம்சல் இனத்துக்கும், கிடைக்கும் இடத்திலெல்லாம், அதன் முட்டைத் தொகுதியையும் ஒட்டியிருந்த பொருளின் குறிப்பையும் பெற்றோரின் திசு மாதிரியையும் ஒரே பதிவெண்ணில் அருங்காட்சியகத்தில் சேர்க்க வேண்டும். பொரிப்பகத்தில் வேலை செய்பவரின் பெயரும் அந்தப் பதிவில் இடம்பெற வேண்டும். இளைய ஆய்வாளர்கள் இந்த வேலையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.