சொல்லும் சான்றும்



ஆராயாமல் செய்யப்பட்ட ஒரு கொலையைப் பற்றிய காப்பியம் சிலப்பதிகாரம். பொற்கொல்லன் சொன்னான்; பாண்டியன் ஆராயவில்லை; கோவலன் வெட்டுண்டான். அதுவரை அரசவை கேட்டிருந்தது ஒரு பக்கத்துச் சொல் மட்டுமே. கண்ணகி கொண்டுவந்தது சான்று. சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்ததும், குற்றம் தன்னுடையதே என ஏற்று மன்னன் உயிர் துறந்தான். அதிகாரத்தின் சொல்லுக்கும் சான்றுக்கும் இடையிலான இந்த வழக்கு பழங்கதையோடு முடிந்துவிடவில்லை. அமெரிக்காவின் சிகாகோ நகரில் 2014ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு மரணம் அதை மீண்டும் நினைக்க வைக்கிறது.

அவ்வாண்டு அக்டோபர் 20ஆம் நாள் இரவு, அந்நகரின் தென்மேற்குப் பகுதியில் உள்ள புலாஸ்கி சாலையில், லக்வான் மெக்டொனால்ட் என்னும் 17 வயதுக் கறுப்பினச் சிறுவன் காவலர் ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டான். நிறுத்தியிருந்த லாரிகளை ஒருவன் உடைக்க முயல்கிறான் என்ற புகாரின்பேரில் காவலர்கள் அவனைப் பின்தொடர்ந்தனர். அவன் கையில் ஒரு சிறு கத்தி இருந்தது. மின்னதிர்ச்சிக் கருவி வந்து சேரட்டும் என அவர்கள் காத்திருந்தனர். பின்னர் வந்த ஜேசன் வான் டைக் என்னும் காவலரோ, காரிலிருந்து இறங்கிய சில நொடிகளிலேயே சுடத் தொடங்கினார். ஏறத்தாழ 15 நொடிகளில் 16 குண்டுகள். சிறுவன் தரையில் வீழ்ந்த பின்னும் துப்பாக்கி ஓயவில்லை.

எழுத்தில் பதிவானது வேறு. கத்தியுடன் அவன் காவலரைத் தாக்க முற்பட்டான் என்று அங்கிருந்த காவலர் பலர் அறிக்கை தந்தனர். வழக்குப் படிவத்தில் பாதிக்கப்பட்டோர் என்னும் இடத்தில் காவலர்களின் பெயர்கள் இருந்தன. குற்றம் புரிந்தவன் என்னும் இடத்தில் இறந்தவனின் பெயர் இருந்தது. ஒரு சிறுவன் அன்று இருமுறை வீழ்த்தப்பட்டான்: சாலையில் ஒருமுறை, தாளில் ஒருமுறை.

உண்மை தானாக வெளிவரவில்லை. 2015 பிப்ரவரியில் ஜேமி கால்வென் என்னும் இதழாளர், உடற்கூறாய்வு அறிக்கையைக் கொண்டு, உடலில் 16 குண்டுகள் பாய்ந்திருந்ததை வெளிப்படுத்தினார். காவல் வாகனத்தின் காமிரா நிகழ்ச்சியைப் பதிவு செய்திருந்தது. ஆனால் அப்படம் மறைத்து வைக்கப்பட்டது. ஏப்ரலில், வழக்குத் தொடுக்கப்படும் முன்பே, குடும்பத்துக்கு 50 லட்சம் டாலர் வழங்க மாநகர மன்றம் இசைந்தது. மேயர் ராம் இமானுவேல் மறுபடியும் தேர்தலில் வென்றதும் அதே மாதந்தான். பிராண்டன் ஸ்மித் என்னும் மற்றோர் இதழாளர் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் நீதிமன்றம் சென்றார். நீதிமன்ற ஆணைப்படி நவம்பர் 24இல் படம் வெளியானது. அது ஒலியற்ற படம். சிறுவன் காவலரை விட்டு விலகி நடப்பதை உலகம் கண்டது. அதே நாளில் அக்காவலர்மீது கொலைக் குற்றமும் சாட்டப்பட்டது. கொலைக்கும் அந்நாளுக்கும் இடையே கழிந்தவை 400 நாட்கள்.

அதன்பின் காவல்துறைத் தலைவர் பதவி இழந்தார். டிசம்பர் 9இல் மேயர் மாநகர மன்றத்தில் மன்னிப்புக் கோரினார். 2016 மார்ச்சில் அரசு வழக்குரைஞர் அனிட்டா அல்வாரெஸ் தம் கட்சியின் உட்தேர்தலில் தோற்றார். அந்நகரக் காவல்துறை அளவு மீறிய வன்முறையை வழக்கமாகக் கையாள்கிறது என்று 2017 ஜனவரியில் அமெரிக்க நீதித்துறை அமைச்சு அறிவித்தது. 2018 அக்டோபரில், இரண்டாம் நிலைக் கொலைக்கும், குண்டுக்கு ஒன்றாக 16 தாக்குதல் குற்றங்களுக்கும் வான் டைக் குற்றவாளி என நடுவர் குழு தீர்ப்பளித்தது. தண்டனை 81 மாதச் சிறை. அதில் பாதியும் கழியுமுன், 2022 பிப்ரவரியில் அவர் வெளிவந்தார்.

அந்த அறிக்கைகள் என்னவாயின? உண்மையை மறைக்கச் சதி செய்தனர் எனக் குற்றஞ்சாட்டப்பட்ட மூன்று காவலர்களை 2019 ஜனவரியில் நீதிமன்றம் விடுவித்தது. அவ்வாண்டு ஜூலையில் நகரக் காவல் வாரியம் பொய்யான தகவல் தந்தமைக்காக நால்வரைப் பணிநீக்கம் செய்தது. குண்டுகள் ஒவ்வொன்றாக எண்ணப்பட்டன. சொற்களுக்கு அந்தக் கணக்கு நேரவில்லை. ஆனால் 400 நாட்கள் அந்தக் குண்டுகளைக் காத்து நின்றவை சொற்களே அல்லவா?

இந்த இடத்தில்தான் கவிஞருக்கு வேலை இருக்கிறது. சிகாகோவின் தென்பகுதியில் வாழ்ந்த கறுப்பினக் கவிஞர் க்வெண்டலின் புரூக்ஸ், தம் சந்தில் இறந்துபோன ஒரு சிறுவனைப் பற்றி 1975இல் வெளியான தொகுப்பில் பாடியிருக்கிறார். சுட்டவனைத் தேடுவதோடு அக்கவிதை நிற்பதில்லை. ஓசை கேட்டும் வாளாவிருந்த அயலாரின் பொறுப்பையும் அது கேட்கிறது. பிறர்மீது சுட்டும் விரலைத் தன் பக்கமும் திருப்பும் நேர்மை அது.

இரண்டு எச்சரிக்கைகளும் உண்டு. இறந்தவனைக் குற்றமே அறியாத தெய்வக் குழந்தையாக்குவது கவிதைக்கு எளிது; நீதிக்கு அது தேவையில்லை. கத்தி வைத்திருந்த சிறுவனுக்கும் உயிர் ஒன்றுதான். மற்றொன்று, அந்தப் படம் வெளியாவதை அவன் தாய் விரும்பவில்லை என்பது. ஊருக்கு அது சான்று. பெற்றவளுக்கு அது மகனின் சாவு. இவ்விரண்டையும் ஒருசேர மனத்தில் வைக்காதவர் அம்மரணத்தைப் பாடுவதற்குத் தயங்குவதே நன்று.

‘சிறுவன் சுடப்பட்டான்’ என்று செயப்பாட்டு வினையில் எழுதினால் சுட்டவர் மறைந்துவிடுகிறார். வாக்கியம் பிழையற்றது, ஆயினும் வினைமுதல் காணாமற் போகிறது. யார் சுட்டார், யார் பொய் எழுதினார், யார் மறைத்தார் என்று வினைமுதலை மீட்டுக் கேட்பதே பொறுப்புக் கோருதலின் தொடக்கம். பாண்டியனுக்கு ஒரு சிலம்பு போதுமாயிருந்தது. சிகாகோவுக்கு ஒரு படமும், இரண்டு இதழாளரும், தெருவில் இறங்கிய ஆயிரக்கணக்கான மக்களும் வேண்டியிருந்தனர்.

பத்தாண்டுகளாகச் சொல்லைப் பேணிவரும் இவ்வட்டத்துக்கு வாழ்த்துகள். சொல்லின் அழகோடு அதன் உண்மையும் பேணப்படுவதாக.