தில்லானைக் கோட்டையில் ஒரு மார்கழிக் காலை



வட்டாற்றங்கரையில் கூடியுள்ள இவ்வட்டத்தார்க்கு உதயகிரிக் கோட்டை புதிதன்று. தக்கலையிலிருந்து நாகர்கோவில் செல்லும் பேருந்து புலியூர்க்குறிச்சியைக் கடக்கும்போது தோன்றும் கருங்கல் மதிலை நூறுமுறையேனும் கண்டவர்களே இங்கு அமர்ந்திருப்போரில் பெரும்பாலோர். மதிலைக் கண்டவர் பலர். உள்ளே புகுந்தவர் சிலர். உள்ளிருக்கும் குன்றின்மேல் ஏறியவர் மிகச் சிலர். பத்மநாபபுரம் அரண்மனைக்கு விருந்தினரை அழைத்துச் செல்லாத வீடு இவ்வட்டாரத்தில் அரிது. அதன் மரவேலைப்பாட்டை வியந்து பாடாத கவிஞரும் அரியர். அருகிலுள்ள கோட்டையைப் பாடியவரை எண்ணத் தொடங்கினாலோ விரல்கள் மிஞ்சிவிடும்.

கோட்டையைக் காண ஏற்ற பருவம் மார்கழி. இலக்கணத்தார் முன்பனி என வகுத்த காலம் அது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, கும்பப்பூப் பயிர் வயல்களில் பச்சை பிடித்து நிற்கும். வேளிமலையின் முகத்தில் காலை மூட்டம் தயங்கி நிற்கும். குமரி மாவட்டத்துக்குக் குளிர்காலம் என்று ஒன்று உண்டா என நகைப்போர்க்குத் திருவட்டாற்றைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்களே விடை. மார்கழி, தை மாதங்களில் அவற்றின் இலைகள் செம்பு நிறங்கொண்டு உதிர்கின்றன. பிரேசில் நாட்டிலிருந்து வந்த மரம் இம்மண்ணில் வேரூன்றி, இம்மண்ணுக்கு இல்லாத இலையுதிர் காலத்தையும் உடன் கொண்டுவந்து சேர்த்தது. கடல் கடந்து வந்து இக்கோட்டைக்குள் உறங்கும் ஒருவரை நினைக்க இதனினும் பொருத்தமான வாயில் இல்லை.

செஞ்சியில் மதில் மலையேறும். உதயகிரியில் மதில் மலையைச் சுற்றிவரும். ஏறத்தாழ 90 ஏக்கர் நிலத்தை வளைத்த மதிலுக்குள் 200 அடிக்கு மேல் உயர்ந்த தனிக்குன்று ஒன்று அடைபட்டு நிற்கிறது. நீரும் நிலமும் மலையும் காடும் அரண் என்றார் வள்ளுவர். அவற்றுள் மலையும் காடும் இங்கு மதிலுக்குள்ளேயே அமைந்துவிட்டன. முன்பே இருந்த கோட்டையை 1741க்குப் பின் கருங்கல்லால் வலுவாக எடுத்துக் கட்டுவித்தவர் மார்த்தாண்ட வர்மர். கட்டும் பணியை முன்னின்று நடத்தியவர் அவருடைய பகைவராக வந்தவர்.

1741 ஆகஸ்டு 10ஆம் நாள் குளச்சலில் ஒல்லாந்தர் தோற்றனர். போருக்குப் புறப்படுமுன் மன்னர் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளை வழிபட்டார் என்பது இவ்வூர் மரபு. சிறைப்பட்டோருள் யூஸ்டேசியஸ் டிலனாய் என்பவர் ஒருவர். 1715இல், இன்று பிரான்சு நாட்டில் இருக்கும் அராஸ் நகரில் பிறந்தவர். அவரைக் கொல்லாமலும் திருப்பி அனுப்பாமலும் தம் படைக்கு ஆசானாக்கிக் கொண்டார் மன்னர். நாளடைவில் 'வலிய கப்பித்தான்' எனும் பட்டத்தோடு அவர் படைத்தலைவரானார். கோட்டைக்குள் பீரங்கி வார்க்கும் உலை எழுந்தது. அங்கே வார்த்த பீரங்கி ஒன்றைப் பதினாறு யானைகளாலும் நகர்த்த இயலவில்லை என்று சொல்லப்படுவதுண்டு. யானைகளின் எண்ணிக்கை எப்படியாயினும், உலையின் பெருமையைச் சொல்ல மக்கள் கண்ட அளவை அழகானது. மக்கள் செய்த வேறொன்று அதனினும் அழகு. டிலனாய் என்ற பெயரைத் தில்லானை என்று தமிழாக்கி, கோட்டைக்குத் தில்லானைக் கோட்டை என்றே பெயரிட்டுவிட்டனர். வேழம் ஒன்று தமிழ்ச் சொல்லுக்குள் புகுந்துகொண்டதை அந்த ஐரோப்பியர் அறிந்திருப்பாரோ!

பத்மநாபபுரம் அரண்மனையில் ஓர் ஓவியம் உண்டு. அதில் டிலனாய் மன்னர்முன் பணிந்து சரணடைகிறார். காண்போர் அங்கேயே நின்றுவிடுகின்றனர்; பள்ளி மாணவர்க்கும் அவ்வளவே சொல்லப்படுகிறது. எஞ்சிய முப்பத்தாறு ஆண்டுகளை அறியக் கோட்டைக்குத்தான் வரவேண்டும். கூரை இழந்த சிறு கிறித்தவக் கோயிலுக்குள் அவர் கல்லறை இருக்கிறது. மனைவியும், களக்காட்டுப் போரில் இளமையிலேயே மாண்ட மகனும் அருகே உறங்குகின்றனர். 1777 ஜூன் 1ஆம் நாள் இறந்த அவருக்கு வெட்டிய கல்வெட்டில் இரு மொழிகள் உள்ளன. ஒன்று இலத்தீன், மற்றொன்று தமிழ்.

இரண்டாவது மொழியை எளிதாகக் கடந்து போதல் கூடாது. திருவிதாங்கூரின் படைத்தலைவர் கல்லறையில், கோட்டையின் நடுவே, 1777இல் தமிழ் பொறிக்கப்பட்டது. கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் மொழி எது என்று 1956 நவம்பர் 1 வரை வழக்காடிய தலைமுறை இம்மண்ணில் இருந்தது. 1954இல் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானோரும் இருந்தனர். அவ்வழக்குக்குச் சான்றாக இக்கல் எத்தனையோ ஆண்டுகள் கூரையின்றிக் கிடந்தது.

இனி அக்கல்லின் செய்தி. இலத்தீன் வாசகம், அவர் ஏறத்தாழ முப்பத்தேழு ஆண்டு மன்னருக்கு உண்மையோடு பணியாற்றினார் என்றும், காயங்குளம் முதல் கொச்சி வரையுள்ள நாடுகளை ஆயுத வலிமையாலும் அச்சத்தாலும் கீழ்ப்படுத்தினார் என்றும் கூறுகிறது. அச்சத்தால் என்ற சொல்லை மறைக்காமல் பொறித்தவரின் நேர்மை, குளச்சல் வெற்றியைப் பாடும் கவிதைகள் பலவற்றில் இல்லை. முப்பத்தேழு என்ற எண்ணையும் சற்று நின்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை அரண்மனை அலுவலர், டிலனாய்க்கு நண்பர். குடும்பத்தில் இழப்புகள் அடுத்தடுத்து வந்து மனமுடைந்திருந்த நண்பருக்கு டிலனாய் யோபுவின் கதையைச் சொன்னார் என்பது வழிவழிச் செய்தி. எந்த மொழியில் சொல்லியிருப்பார்? கல்லறைத் தமிழைக் கண்டவர்க்கு ஊகித்தல் அரிதன்று. நீலகண்டர் 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார், 1749இல் சிறைப்பட்டார், 1752 ஜனவரி 14ஆம் நாள், இதே பனிக்காலத்தில், ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். சமயம் மாறியதே காரணம் என்போரும் அரசியல் காரணம் கூறுவோரும் இன்றும் வழக்கிடுகின்றனர். சுட்ட துப்பாக்கிகள் திருவிதாங்கூர்ப் படையினுடையவை. அப்படைக்குப் பயிற்சி தந்தவர் யார் என்பதை இந்த அவைக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதன்பின்னும் இருபத்தைந்து ஆண்டு டிலனாய் அதே கோட்டையில், அதே அரசுக்குப் பணிசெய்தார். கல்லறை அந்த ஆண்டுகளையும் சேர்த்தே உண்மையான பணி என்று எண்ணுகிறது. நண்பரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கல்லில் இடம்பெறாத நண்பரோ நாட்டுக்கூத்து மேடைகளில் இரவு முழுதும் பாடப்பட்டார். 2022 மே 15ஆம் நாள் உரோமையில் புனிதராக அறிவிக்கவும் பட்டார். அயலார்க்குக் கல்லும் மண்ணின் மைந்தர்க்குப் பாட்டும் கிடைத்தன. பாட்டின் கணக்கில் வராத டிலனாயின் இருபத்தைந்து ஆண்டு மௌனத்தை எழுதக் கவிஞர் ஒருவர் இன்னும் வரவேண்டியிருக்கிறது. அது துரோகமா, அச்சமா, சிறைப்பட்டு வந்தவரின் இயலாமையா? குன்றின்மேல் ஏறி, வடக்கே வேளிமலையையும் கீழே மரங்களுக்கிடையே வளைந்தோடும் மதிலையும் பார்ப்பவர்க்கு இக்கேள்வி எழாமல் போகாது. அம்மதிலைக் கட்டியவரும் அதற்குள்ளேதான் வாழ்ந்தார், அதற்குள்ளேதான் புதைந்தார்.

மதிலும் நெடுநாள் காக்கவில்லை. 1809இல் வேலுத்தம்பி தளவாய் எழுந்தபோது, ஆரல்வாய்மொழி அரண் வீழ்ந்த சில நாளில் உதயகிரியும் கும்பினியார் கைப்பட்டது. செயல்வீரர் இல்லாதபோது எவ்வளவு சிறந்த அரணும் அரணன்று என்ற குறட்கருத்துக்கு உரை எழுதுவோர் உதாரணம் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. பின்னாளில் அது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்காவாயிற்று. உலை எரிந்த கோட்டைக்குள் மான்கள் மேயலாயின.

செல்ல விரும்பும் அன்பர்கள் வாயில் திறந்த உடனே உள்ளே போய்விடுவது நன்று. முதலில் கல்லறை, குன்று பின்னர். தேய்ந்த எழுத்து சாய்ந்த வெயிலில்தான் துலங்கும். கதிர் உச்சிக்கு ஏறிவிட்டால் கல் வெறும் கல்லாகிவிடும். கூரை இல்லாமையால் மார்கழிப் பனி நேரே அதன்மேல் இறங்கி, எழுத்துப் பள்ளங்களில் சற்று நேரம் ஈரமாக நிற்கும்.